பெங்களூர் எஸ்.ஜி. பாளையா வீடு: அட்வான்ஸில் 39,500 பிடிப்பேன் என்கிறார் ஓனர்

தேனிப்பொண்ணு:
டூ பிஹெச்கே, இரண்டாவது மாடி. வாடகை 24,000, அட்வான்ஸ் 1,20,000. மூன்று பேர், ஆளுக்கு 40,000. என் பங்குக்கு அம்மாவின் செயினை அடகு வைத்துத்தான் அப்பா பணம் அனுப்பினார். அதை இன்னும் திருப்பவில்லை.

இந்த 30ஆம் தேதி காலி செய்கிறோம். ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லியாச்சு, ஓனரும் ஓகே போட்டார். நேற்று வீட்டைப் பார்க்க வந்தவர் முதல் வேலையாகச் சுவரில் ஆணிகளை எண்ணினார். நான்கு. பெயிண்டுக்கு "ஒந்து திங்களு பாடிகே" என்றார், அதாவது ஒரு மாத வாடகை, 24,000. கிளீனிங்குக்கு 9,000. வாஷ்பேசின் விரிசலுக்கு 6,500. மீதி 80,500 எப்போது என்றால், புது ஆள் வந்ததும் தருவாராம்.

அந்த விரிசல் என் ரூம்மேட்கள் குடிவந்த அன்றே இருந்ததாம். குழாய்க்குக் கீழே தலைமுடி ஒட்டியது மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல், நான் போன வருஷம்தான் சேர்ந்தேன். அக்ரிமெண்ட், எனக்கு முன்னால் இருந்த சீனியர் அக்கா பெயரில். என் 40,000-ஐ அவருக்குத்தான் ஜிபே செய்தேன். ஓனர் கைக்கு என் பணம் போகவே இல்லை.

என்ன செய்யலாம்? வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஈஜிபுராக்காரன்:
தங்கச்சி, "புது ஆள் வந்ததும்" என்பது பெங்களூர் முழுக்க ஓடும் சக்கரம். உங்கள் 1,20,000 அவர் பீரோவில் இருக்கிறது என்றா நினைக்கிறாய்? அது எப்போதோ மூன்றாவது மாடிக்குக் கம்பியும் சிமெண்டுமாகப் போயிருக்கும். அடுத்தவரிடம் வாங்கி உங்களுக்குத் தருவார். அதற்காக மனுஷன் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால் உங்கள் போன் அவருக்குக் கேட்காது.

அதனால் அந்தப் புது ஆளை நீங்களே பிடித்துக் கொடுங்கள். ஜூனியர் குரூப்களில் வீடு காலி என்று போடுங்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுங்கள், அன்றைக்காவது கொடியில் துணி தொங்க வேண்டாம். 30ஆம் தேதி ஓனரை வீட்டுக்கு வரச் சொல்லி, பணம் ஏறிய மெசேஜ் வந்த பிறகு சாவி. அதற்கு மேல் ஒரு நாள்கூட வீட்டைப் பிடித்து வைக்காதீர்கள், நாள் கணக்கில் வாடகை போடுவார். கிளீனிங்குக்கு 9,000 எல்லாம் அநியாயம். நீங்களே ஆள் வைத்து பாத்ரூம், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் தேய்த்து வீடியோ எடுங்கள்.

ஜூனியர் வக்கீல்:
பெயிண்ட் விஷயத்தில் அக்ரிமெண்டைப் பார்க்காமல் சண்டைக்குப் போகாதீர்கள். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108, சாதாரணப் புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை என்கிறது. ஆனால் அது ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரைதான். "பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த 24,000-ஐ மறந்துவிடலாம்.

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்ற தமிழ்நாட்டுச் சட்டத்தை இங்கே காட்டாதீர்கள், எல்லை தாண்டினால் செல்லாது. 2021 மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம் என்கிறது, அதுவும் மாநிலம் ஏற்றால்தான்.

உடனே செய்ய வேண்டியது, சீனியர் அக்காவிடமிருந்து ஓனருக்கு ஒரு மெசேஜ்: என் பங்கு எனக்கு வந்துவிட்டது, அந்த 40,000 இந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது என்று. ஓனர் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். தராமல் இழுத்தடித்தால் வக்கீல் நோட்டீஸ். வழக்குப் போட மூன்று வருஷம் கெடு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள்.

மடிவாளா மச்சான்:
இவ்வளவு எதற்கு? கடைசி மாத வாடகையைக் கொடுக்காதே, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

தேனிப்பொண்ணு:
இந்த மாத வாடகை ஐந்தாம் தேதியே போய்விட்டது அண்ணா :(

உல்சூர் அக்கா:
போட்டோ இல்லை என்று யார் சொன்னது? குடிவந்த வாரத்தில் கண்ணாடி முன்னால் செல்ஃபி எடுக்காத பெண்கள் உண்டா? மூன்று போனையும் துருவுங்கள்.

தேனிப்பொண்ணு (12 நாள் கழித்து):
அக்கா, உங்களுக்குக் கோயில் கட்ட வேண்டும். குடிவந்த மூன்றாம் நாள் ரூம்மேட் கடலைமாவு அப்பிய முகத்தோடு எடுத்த செல்ஃபி கிடைத்தது. கீழே பேசின், குழாய், அந்தக் கோடு, எல்லாம் தெளிவாக, தேதியோடு. ஓனர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அந்த 6,500 பிடித்தம் போச்சு.

கிளீனிங்குக்கு நாங்களே 1,800 கொடுத்து ஆள் வைத்தோம். அப்படியும் அடுப்புத் திட்டுக்கு என்று 2,000 பிடித்தார். பெயிண்ட் ஷரத்து அக்ரிமெண்டில் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, வக்கீல் சார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். வர வேண்டியது 94,000. ஜூனியர் பையன்கள் மூன்று பேரை நாங்களே கொண்டுவந்ததால் 30ஆம் தேதி மத்தியானமே பணம் வந்துவிட்டது. ஹாலில் நின்றபடி மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன், கை நடுங்கியது.

பெட்டியோடு இறங்கும்போது பையன்களின் மெத்தை படியேறி வந்துகொண்டிருந்தது. நாங்கள் அடித்த நான்கு ஆணியும் அப்படியே சுவரில்தான் இருக்கின்றன.