கல்சா தோன்றி ரஞ்சித் சிங் வரும்வரை நூறு வருடம்: ராஜா இல்லாமல் காரியம் எப்படி நடந்தது?

செந்தூல் மாணவி:
வணக்கம். வைசாக்கி நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருவதால் எங்கள் வாசகர் வட்டத்தில் சீக்கிய வரலாறு பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். 1699இல் குரு கோபிந்த் சிங் தொடங்கிய கல்சா (தீட்சை பெற்ற சீக்கியர் அமைப்பு), 1799இல் பின்னாள் மகாராஜா ரஞ்சித் சிங் கையில் லாகூர். நடுவில் உள்ள நூறு வருடத்தை "மிஸ்ல்கள் (சீக்கியப் படைக் குழுக்கள்) ஆண்டன" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். ராஜா இல்லை, 1708க்குப் பிறகு மனித குருவும் இல்லை. யார் முடிவெடுத்தது? காசு எங்கிருந்து வந்தது?

ஜார்ஜ்டவுன் நாணயம்:
காசிலிருந்தே தொடங்குங்கள் தங்கச்சி. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு 'தஸ்வந்த்'. அதை வசூலித்து அனுப்பிய மசந்துகள் நாளடைவில் குட்டி ஜமீன்தார்கள் ஆனார்கள். குரு கோபிந்த் சிங் அவர்களை ஒழித்து சங்கத்தை, அதாவது சீக்கியர் கூட்டத்தை, நேரடியாகத் தன்னோடு இணைத்தார். 1699ஐப் பேசுகிறவர்கள் வாளைச் சொல்வார்கள், இந்த இடைத்தரகர் ஒழிப்பை விட்டுவிடுவார்கள்.

1750களில் வந்தது 'ராக்கி', காவல் வரி. பொதுவாக விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு, அறுவடைக்கு அறுவடை. கொடுத்த ஊரில் கொள்ளை இல்லை, வெளியார் வந்தாலும் காவல். ராக்கி வாங்கிய சர்தாரே (மிஸ்ல் தலைவரே) பின்னால் அந்த வட்டாரத்தின் அதிபதி.

மிஸ்லில் சேர குதிரையும் துப்பாக்கியும் வேண்டும். கூலிப்படை இல்லை, பங்காளிகள். தலைவரைப் பிடிக்காவிட்டால் குதிரையோடு அடுத்த மிஸ்லுக்குப் போய்விடலாம்.

வைசாக்கிக்கும் தீபாவளிக்கும் அமிர்தசரஸில் 'சர்பத் கல்சா' என்ற பொதுச்சபை கூடும். புனித நூலான கிரந்தத்தின் முன் எடுக்கும் முடிவுக்கு 'குர்மத்தா' என்று பெயர். படையெடுத்து வந்த ஆப்கான் மன்னர் அப்தாலி வாசலில் நின்றவரை இது வேலை செய்தது. அவர் படை நடத்திய 1762 பெரும் படுகொலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டும், மூன்றே வருடத்தில் லாகூரைப் பிடித்தார்கள். அப்தாலி வருவது நின்றதும் சர்தார்கள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டார்கள்.

புடு வாத்தியார்:
1699இல் தொடங்கினால் பாதிக் கதைதான். 1606இல் ஜஹாங்கீர் ஆணையில் குரு அர்ஜன் லாகூரில் கொல்லப்பட்டார். மகன் ஹர்கோபிந்த் இரண்டு வாள் தரித்தார்: மீரி உலக அதிகாரம், பீரி ஆன்மிக அதிகாரம். ஹரிமந்திருக்கு (பொற்கோயிலுக்கு) எதிரே உலக அதிகாரத்துக்கான மேடையாக அகால் தக்த்தும் எழுந்தது. குர்மத்தா ஏன் அந்த மேடையில் என்பது இதைச் சொன்னால்தான் புரியும்.

ஜார்ஜ்டவுன் நாணயம்:
வாத்தியார் சொல்வது சரி. மேடையில் ஒரு நாணயப் படம் காட்டுங்கள். 1765இல் லாகூரைப் பிடித்த மூன்று சர்தார்கள் நகரத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் அடித்த வெள்ளி ரூபாயில் மூவர் பெயரும் இல்லை. பாரசீக ஈரடி ஒன்றுதான்: தேக், தேக், வெற்றி, தாமதமில்லாத துணை, எல்லாம் நானக்-குரு கோபிந்த் சிங்கிடம் பெற்றது. தமிழில் எழுதினால் இரண்டும் 'தேக்' ஆகிவிடும், அதனால் விளக்கம் போடுங்கள். முதலாவது அண்டா, இரண்டாவது வாள். பினாங்கு வட்டா குருத்வாராவில் லங்கர் (எல்லோருக்குமான இலவச உணவு) சமைக்கிற பெரிய அண்டாவைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இதே வாசகம் 1710இல் சிர்ஹிந்தைப் பிடித்த சீக்கியத் தளபதி பந்தா சிங்கின் முத்திரையிலும் உண்டு. 1801இல் முடிசூடிய ரஞ்சித் சிங்கும் நாணயத்தில் தன் பெயரைப் போடவில்லை.

நாணயத்தில் உள்ள ஆண்டு விக்ரம் சம்வத், வட இந்தியப் பழைய ஆண்டுக் கணக்கு. 57 கழியுங்கள், 1822 என்றால் 1765. ஒரு பொறி: ரஞ்சித் சிங்கின் பிற்கால ரூபாய்களில் 1884 அல்லது 1885 என்று பெரிதாக உறைந்து நிற்கும், அடித்த வருடம் சின்ன எண்ணில் ஓரமாக இருக்கும். பெரிய எண்ணை நம்பினால் எல்லாமே 1828 பக்கம் வந்துவிடும்.

செந்தூல் மாணவி:
நன்றி அண்ணா. குர்மத்தா எப்போது நின்றது?

புடு வாத்தியார்:
கடைசியாகச் சொல்லப்படுவது 1805. ஆங்கிலேயர் துரத்த மராத்திய அரசர் ஹோல்கர் அமிர்தசரஸுக்கு ஓடிவந்து உதவி கேட்டபோது. அதன் பிறகு ரஞ்சித் சிங்கின் தர்பார் முடிவுதான். சட்லஜ் நதியை எல்லையாக்கி ஆங்கிலேயரோடு செய்த 1809 அமிர்தசரஸ் ஒப்பந்தத்துக்கு சபை கூடவில்லை. இன்னொன்று, கூட்டத்தில் சீக்கியர்கள் இருப்பார்கள். கல்கத்தாவில் கப்பலேறியதால் ஒட்டிக்கொண்டதாகச் சொல்லும் 'பெங்காளி' என்று சீக்கியரைச் சொல்லும் நம்மூர்ப் பேச்சை மேடையில் விட்டுவிடுங்கள்.