வட்டணி: ‘ஃபெயில்ட்’ என்பதற்குப் ‘பழுதான வட்டு’ வேண்டாம்

வணக்கம் நண்பர்களே,

பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ‘ரெய்டு’ (RAID) பற்றிய நம் தமிழ் வழிகாட்டியின் வரைவைப் படித்தேன். ரெய்டு என்றால் நாளிதழ் வாசகருக்கு வருமானவரிச் சோதனைதான் நினைவுக்கு வரும், அதனால் ‘வட்டணி’ என்று வைத்ததில் எனக்கு முழுச் சம்மதம். ஒரு வட்டைப் பற்றித் திரையில் ‘ஃபெயில்ட்’ (failed) என்று வருகிற இடமெல்லாம் ‘பழுதான வட்டு’ என்று போட்டிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மதர்போர்டில் வட்டணியை நடத்தும் கட்டுப்படுத்தி அப்படிக் காட்டினால், அந்த வட்டை அது அணியில் வைத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் உறுதி. வட்டு செத்திருக்கலாம், வட்டை இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம், இரண்டும் இல்லாமல் வட்டு பதில் சொல்லத் தாமதித்திருக்கலாம். சாதாரண மேசைக்கணினி வட்டு படிக்க முடியாத ஒரு செக்டரோடு (வட்டில் தரவு எழுதும் சிறு பகுதி) ஒரு நிமிடத்துக்கு மேல்கூட மல்லுக்கட்டும், அதற்குள் கட்டுப்படுத்தி பொறுமையிழந்து அதை வெளியே தள்ளிவிடும். வட்டணிக்கென்றே விற்கும் வட்டுகள் வழக்கமாக 7 விநாடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். இந்த வசதியை வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஎல்இஆர் என்கிறது, சீகேட் இஆர்சி என்கிறது, சாம்சங்கும் ஹிட்டாச்சியும் சிசிடிஎல் என்றன. நமக்கு ‘மீட்பு நேரவரம்பு’ என்ற ஒரே பெயர் போதும்.

சரி, ‘ஃபெயில்ட்’டுக்கு என்ன? ‘அணிநீக்கம்’ என்கிறேன். பதவிநீக்கம், தகுதிநீக்கம் எல்லாம் புழங்குகிற மொழியில் இதற்கு விளக்கமே தேவைப்படாது. கிரிக்கெட் அணியிலிருந்து ஒருவரை நீக்கினால் அவருக்கு அடிபட்டிருக்கிறது என்று யாரும் முடிவுகட்டுவதில்லையே.

‘விலகிய வட்டு’ போதாதா என்று கேட்கலாம்.

விலகியது என்றால் வட்டு தானாகப் போனதாக ஆகிறது. முடிவெடுப்பது கட்டுப்படுத்தி, அது சொல்லில் தெரிய வேண்டும். ‘ஒதுக்கிய வட்டு’ம் சரிவராது, நினைவக ஒதுக்கீடு என்று அந்தச் சொல்லை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் ‘டிகிரேடட்’ என்பதற்குத் ‘தரம் குறைந்த அணி’ என்று இருக்கிறது. இரண்டு வட்டுகளில் ஒரே தரவை வைத்திருக்கும் அணியில் ஒன்று போனால் தரவின் தரம் எங்கே குறைந்தது? அது அப்படியே இருக்கிறது, இன்னொன்றும் போனால் காப்பாற்ற ஆளில்லை, அவ்வளவுதான். ‘காப்பிழந்த அணி’ என்று எழுதினால், உடனே தரவைப் படியெடுத்து வை என்கிற எச்சரிக்கையும் அதிலேயே வந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘பழுது’ என்று திரையில் பார்ப்பவர் நல்ல வட்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குவார், கேபிள்தான் கோளாறு என்றால் புதியதும் நீக்கப்படும். ‘அணிநீக்கம்’ என்று பார்த்தால் ஏன் நீக்கியது என்று கேட்பார். அந்த இடத்தில் வழிகாட்டி, வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறக்கச் சொல்லட்டும்: பல வட்டுகளில் 199ஆம் எண்ணில் வரும் சிஆர்சி பிழை (வழியில் தரவு சிதைந்த எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்று, 5, 197 எண்களின் மூலமதிப்பு (மோசமான செக்டர்களின் எண்ணிக்கை) ஏறினால் வட்டின் பரப்பிலேயே கோளாறு. ‘பழுது’ என்ற சொல்லை இந்த இரண்டாவது நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

புதிய வட்டில் தரவைத் திரும்ப எழுதி அணியை முழுமையாக்கும் ‘ரீபில்ட்’ மிச்சமிருக்கிறது. ‘மறுகட்டமைப்பு’ ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. ‘மீள்நிரப்பல்’ எப்படி? மாற்றுக் கருத்து இருந்தால் வரைவை முடிப்பதற்குள் எழுதுங்கள்.