புதுப்பிப்பு: மகளின் காதுவலியும் பூண்டு எண்ணெயும்

சளி பிடித்திருந்த என் ஐந்து வயது மகளுக்கு நள்ளிரவில் காதுவலி வந்தபோது, பூண்டு தட்டிக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விடலாமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அவள் இப்போது நலமாக இருக்கிறாள்.

அன்றிரவு, எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்த பிறகே காதின் வெளிப்புறத்தில் ஒற்றடம் கொடுத்தேன். தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்ததும் அழுகை மெல்ல அடங்கியது.

காலையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஓட்டோஸ்கோப்பால் பார்த்து, செவிப்பறை சிவந்து புடைத்திருக்கிறது, கிழியவில்லை என்றார். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளியின்போது அது எளிதில் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி அழுத்துகிறது. வலிக்குக் காரணம் அதுதான். காதில் விடும் எண்ணெய் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ உள்ளே இறங்கிக் கேடு செய்யும். பாட்டி வைத்தியத்தை மிகவும் மதிப்பவள் நான். ஆனாலும் இதில் மட்டும் யாரும் துணிய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதால் ஆன்டிபயாடிக் தராமல் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகும் அது தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையாக இருந்தாலோ, காதில் சீழ் வடிந்தாலோ, காதின் பின்புறம் வீங்கினாலோ, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.