மறு: "ஈரத்தளம்" வேண்டாம், "நீரூறல் தளம்" என்று வைக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓசெட் என்ற தொல்லியல் இடத்தைப் பற்றிய நம் தமிழ்க் கட்டுரையின் வரைவைப் படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் நீர் நிறைந்த மண்ணுக்குள் மரமும் நாரும் அழியாமல் கிடக்கும் தொல்லியல் இடத்தை ஆங்கிலத்தில் "வெட் சைட்" என்று சொல்வதற்கு "ஈரத்தளம்" என்று போட்டு, அதையே தலைப்பு வரை கொண்டுபோயிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சொல் அழகாக இல்லை என்பதல்ல என் குறை. அங்கே நடந்ததற்கு நேர் எதிரானதை அந்தச் சொல் சொல்கிறது, அதுதான் சிக்கல்.

இழையில் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோரம், அலாவா முனைக்குப் பக்கத்தில் இருந்த ஊர் ஓசெட். மக்காஹ் மக்களின் ஐந்து பெரிய ஊர்களில் ஒன்று. (மெக்கா நகரத்தோடு குழம்பாமல் இருக்கத்தான் கடைசியில் "ஹ்" போடுகிறேன், இதையும் முடிவு செய்துவிடுவோம்.) சீடர் என்று சொல்லும் மரத்தின் பலகைகளால் கட்டிய நீண்ட வீடுகள், கடலில் திமிங்கில வேட்டை, சீல் வேட்டை. ஏறக்குறைய 300 முதல் 500 ஆண்டுகளுக்கு முன் பின்னாலிருந்த மலைச்சரிவு சரிந்து ஊரின் ஒரு பகுதியைச் சேறு மூடிவிட்டது. இப்படி ஒரு பெருஞ்சரிவு நடந்ததை மக்காஹ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1970-ல் வந்த புயலலைகள் கரையை அரித்தபோது அந்த வீடுகள் வெளியே தெரிந்தன. வழியில் போனவர்கள் பொருட்களை எடுக்க ஆரம்பித்தார்கள். அப்போது பழங்குடி மன்றத் தலைவராக இருந்த எட் கிளாப்லான்ஹூ, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் ரிச்சர்ட் டாகர்ட்டிக்குத் தகவல் சொல்லி வரவழைத்தார். 1981 வரை 11 ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. கிடைத்தவை 55,000-க்கும் மேல்.

எண்ணிக்கையை விட முக்கியம், கிடைத்தவை என்ன பொருட்கள் என்பது. கூடை, பாய், கயிறு, மரப்பெட்டி, தறிச் சாமான்கள், திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பு வடிவில் மரத்தில் செதுக்கி 700-க்கு மேற்பட்ட கடல்நீர்நாய்ப் பற்களைப் பதித்த ஒரு சிற்பம். வேறு எந்த இடமாக இருந்தாலும் இவை முதலில் அழிந்துபோகும், கல்லும் எலும்பும் சிப்பியும்தான் மிஞ்சும். அந்தக் கடற்கரை மக்களின் வாழ்க்கை முழுக்க மரத்தாலும் நாராலும் ஆனது, ஆகவே மிஞ்சிய கல்லை மட்டும் பார்த்து எழுதும் வரலாறு பாதி வரலாறுகூட ஆகாது.

சரி, ஏன் அழியவில்லை? சேற்றுக்குள் மண்ணின் ஒவ்வொரு இடுக்கிலும் நீர் நிறைந்து, அந்த நீர் வடியவே இல்லை. காற்றுக்கு வழியில்லை. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும், அது கிடைக்காததால் மரம் நின்றது. இதில் "ஈரம்" எங்கே வருகிறது? தமிழில் ஈரம் என்றாலே காய்ந்தும் காயாமலும் இருப்பது. ஈரம் பட்ட மரம்தான் இற்றுப்போகும், எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார். கிணற்றுக்குள் அடியில் நெல்லிக்கட்டை போடும் வழக்கம் நமக்கு உண்டு, எப்போதும் நீருக்குள்ளேயே கிடப்பதால் அது பல காலம் நிற்கும். அதே கட்டையை நனைந்தும் காய்ந்தும் கிடக்கும்படி விட்டால் சீக்கிரம் போய்விடும். ஆக மரத்தைக் காப்பாற்றியதன் பெயர் வேண்டிய இடத்தில், மரத்தைக் கெடுப்பதன் பெயரை வைக்கப் பார்க்கிறோம்.

> "நீர் தேங்கிய தளம்" என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். தேங்குதல் தரைக்கு மேலே நடப்பது. மழைக்குப் பின் வயலில் தேங்கும், தெருவில் தேங்கும், வடிந்தும்விடும். ஓசெட்டில் மேலே எந்தக் குளமும் இல்லை, மண்ணுக்குள்தான் எல்லாம். இதே காரணத்தால் "நீர்மூழ்கிய தளம்" என்பதையும் விட்டுவிடலாம். அதைப் பூம்புகார்க் கடலடி ஆய்வு, கப்பல் சிதைவுகள் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்வோம், அது தனித்துறை.

> "நீர்தோய் தளம்" சங்கத் தமிழ் போல இருக்கிறது, வினைத்தொகையாகவும் அமைகிறது.

இது எனக்கும் பிடித்திருந்தது, ரொம்ப நேரம் யோசித்தேன். ஆனால் தோய்தல் ஒரு கணத்திலும் முடியலாம். யாழ்ப்பாணத்து உறுப்பினர் எழுதியது போல அங்கே உடுப்புத் தோய்ப்பதும் தலை தோய்வதும் தினசரிப் பேச்சு, "நீர்தோய் மரம்" என்றால் கழுவி எடுத்த மரம் என்றுதான் முதலில் தோன்றும். எழுத்து நடையில் "குருதி தோய்ந்த" என்கிறோமே என்றால், அங்கும் மேலே படிந்ததைத்தான் சொல்கிறோம்.

என் முன்மொழிவு "நீரூறல்". நீரூறல் தளம், நீரூறல் மரம், நீரூறல் மண்ணடுக்கு. ஊறுதல் என்பதில் இரண்டு செய்திகள் தாமாகவே வந்துவிடுகின்றன: நேரம் ஆகும், நீர் பொருளின் உள்ளே போகும். அரிசி நனைவது வேறு, ஊறுவது வேறு என்பதைப் பிள்ளைகளுக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. ஊறல் என்றால் நிலத்திலிருந்து நீர் சுரப்பது என்றும் பொருள் உண்டே, குழப்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நிலத்தடி நீர் விடாமல் கசிந்து வந்ததால்தானே மண் காயாமல் இருந்தது, அந்தப் பொருளும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது. "சாராய ஊறல்" என்று நாளிதழ்களில் வருவதைச் சொல்லி ஒருவர் தயங்கியிருந்தார். முன்னால் "நீர்" இருக்கும்போது அந்த எண்ணம் யாருக்கும் வராது என்றே நினைக்கிறேன்.

கிடைத்த மரப்பொருட்களைக் கெடாமல் பாதுகாத்ததைச் சொல்லும் பகுதிக்கும் இந்தச் சொல் உதவும். நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய மரத்தில் செல்லுலோஸ் பெருமளவு கரைந்து போயிருக்கும், வடிவத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் நீர்தான். வெளியே எடுத்துக் காயவிட்டால் சுருங்கி, வெடித்து, உருத்தெரியாமல் போகும். அதனால் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் நீண்ட காலம் ஊறவைத்து, நீர் இருந்த இடத்தில் அந்த மெழுகுப் பொருளை ஏற்றினார்கள். வரைவில் இதற்கு "ரசாயனப் பூச்சு" என்று இருக்கிறது, தயவுசெய்து மாற்றுங்கள். பூச்சு மேலே நிற்பது. மரத்துக்கு எண்ணெய் ஊட்டுவது என்று தச்சர்கள் சொல்வதை வைத்து "மெழுகூட்டல்" என்று சொல்லலாம். தோண்டிய முறைக்கும் ஒரு பெயர் வேண்டும். கரண்டி பட்டாலே வெட்டுப்படும் அளவுக்கு மரம் மெத்தென்று இருந்ததால், கடல்நீரை பம்ப் வைத்து எடுத்து, குழாயால் பீய்ச்சிச் சேற்றைக் கழுவினார்கள், நுட்பமான பொருட்களுக்கு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு. "நீர்ப்பீய்ச்சு அகழ்வு" சரியாக இருக்கும். வரைவில் உள்ள "நீரியல் அகழாய்வு" நீரைப் பற்றிய ஆய்வு என்று பொருள்படுகிறது.

இது ஓசெட்டுக்கு மட்டும் ஆன வேலை அல்ல. முசிறி இருந்த இடம் என்று பலர் கருதும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007-ல் ஒரே மரத்தில் குடைந்த ஓடமும் அதைக் கட்டும் முளைகளும் நீரூறிய மண்ணில்தான் கிடைத்தன. அதைத் தமிழில் எழுதும்போதும் இதே சொற்கள் தேவைப்படும்.

இன்னும் இரண்டு சொற்கள். இவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரைவில் "பழங்குடிக் குடியேற்றம்" என்று இருக்கிறது. குடியேறியவர்கள் மற்றவர்கள், மக்காஹ் மக்கள் அங்கேயே இருந்தவர்கள். "ஊர்" என்று எழுதுங்கள், நம் தொல்லியல் துறையினர் சொல்வது போல "வாழ்விடம்" என்றாலும் சரி. அப்புறம் "கைவிடப்பட்ட ஊர்". பிள்ளைகளை மக்காஹ் மக்களின் இன்னொரு ஊரான நியா பேயில் இருந்த பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியதால்தான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பங்கள் ஓசெட்டை விட்டு அங்கே போனார்கள். அந்த மண்ணோடு தொடர்பை அவர்கள் விடவில்லை. பொருட்கள் எங்கும் போகக்கூடாது என்று உறுதியாக நின்று, 1979-ல் நியா பேயில் தங்கள் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். சேமிப்பறையில் மக்காஹ் மொழியில் பெயரிட்டு, அந்த மொழி பொருட்களைப் பிரிக்கும் முறையிலேயே அடுக்கியிருக்கிறார்கள். "கைவிடப்பட்ட" என்று நாம் எழுதினால் அவர்கள் செய்த அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகும். "மக்கள் வெளியேற நேர்ந்த ஊர்" என்று எழுதலாம், நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

"நீரூறல்" மீது மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். தச்சு வேலை, படகு கட்டும் வேலை தெரிந்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால், நீரிலேயே கிடந்த மரத்துக்கு உங்கள் பக்கம் தனிப்பெயர் உண்டா என்று சொல்லுங்கள். உண்டு என்றால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.