மறு: தோராவை ஓதுபவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் ஒரே சொல்லா?

> இருவரையும் 'வாசகர்' என்றே சொல்லலாமே. கத்தோலிக்கத் திருப்பலியில் புழங்கும் சொல்தானே?

ஐயா, சிக்கலே அங்கேதான். யூதத் தொழுகைக்கூடத்தில் சனிக்கிழமை காலை தோரா (மோசேயின் ஐந்து நூல்கள் எழுதிய தோல்சுருள்) ஓதலுக்கு ஏழு பேரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். திங்கள், வியாழன் என்றால் மூன்று பேர். வந்தவர் தாலித் சால்வையின் தொங்கலால் பகுதி தொடங்கும் இடத்தைத் தொட்டு, தொங்கலை முத்தமிட்டு, ஆசிமொழி சொல்வார். அப்புறம் உரக்கப் படிப்பது அவரல்ல, பக்கத்தில் நிற்கும் பஅல் கோரே, அதாவது சபைக்காக ஓதுபவர். பகுதி முடிந்ததும் அழைக்கப்பட்டவர் இன்னோர் ஆசிமொழி சொல்வார், அடுத்த ஆள் வருவார். 'வாசகருக்காக வாசகர் வாசித்தார்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

பஅல் கோரேயின் வேலை லேசானதும் அல்ல. சுருளில் உயிர்க்குறி கிடையாது, இசைக்குறி கிடையாது, வசன எண்கூடக் கிடையாது. அத்தனையையும் முன்பே நெட்டுருப் போட்டுக்கொண்டு வரவேண்டும். தோலில் விரல் படக்கூடாது. நுனியில் சுட்டுவிரல் நீட்டிய குட்டிக் கை உள்ள 'யாத்' என்னும் கோலால் வரியைத் தொடர்ந்தபடி ராகத்தோடு படிப்பார். பெரும்பாலும் வெள்ளிக் கோல். பொருள் மாறும்படி ஒரு சொல் பிசகினால் பக்கத்தில் நிற்பவர்கள் அங்கேயே நிறுத்தித் திருத்துவார்கள்.

அதனால் அவருக்கு 'ஓதுநர்' என்பது என் பரிந்துரை. 'ஓதுவார்' வேண்டாம், உடனே தேவாரம் காதில் கேட்டுவிடும். அழைக்கப்பட்டவருக்கு 'அழைப்புற்றவர்'. அப்படி மேடைக்கு அழைக்கப்படுவதன் எபிரேயப் பெயரான அலியா என்பதை நேராக 'ஏற்றம்' என்றால் விலைவாசி நினைவுதான் வரும், 'ஓதலழைப்பு' எனலாம்.

> ஏமன் யூதர்களிடம் அழைக்கப்பட்டவரே ஓதுகிறாரே? உங்கள் பிரிவினை அங்கே செல்லாதே.

செல்லும், ஐயா. மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பின் காலத்தில் எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். ஓதத் தெரியாதவர் சபையில் தலைகுனியக்கூடாது என்றுதான் பிற்காலத்தில் பொது ஓதுநர் வந்தார் என்பார்கள். ஏமனியர் பழையதை விடவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு சிறுவன் அரமேய மொழிபெயர்ப்பைச் சொல்வதும் அவர்களிடம் உண்டு. 'ஏமனியரிடம் அழைப்புற்றவரே ஓதுநர்' என்று எழுதிப் பாருங்கள். இரண்டு சொல் இருப்பதால்தான் விஷயம் ஒரு வரியில் முடிகிறது.

> சரி, ஓதுநரை ஏற்கிறேன். ஹக்பஹாவுக்கு 'நிறைவுயர்த்தல்'?

அது வேண்டாம். ஹக்பஹா என்பது சுருளை விரித்தபடி தூக்கிச் சபைக்குக் காட்டுவது. அது அஷ்கெனாசியரிடம் (நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்) ஓதி முடித்த பிறகு. செஃபார்டியர் (ஸ்பெயின் மரபு யூதர்) பலரிடம் ஓதுவதற்கு முன்பே. 'நிறைவு' என்றால் பாதிப் பேருக்குத் தப்பு. 'சுருளுயர்த்தல்' போதும்.