நெட், ப்ராஜெக்ட், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்ட் ஒருபக்கம், டிசம்பர் நெட் தேர்வு (கல்லூரியில் உதவிப் பேராசிரியராவதற்கான தகுதித் தேர்வு) இன்னொரு பக்கம். இதோடு எங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை என்எம்எம்எஸ் தேர்வுக்கு (எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு) தயார்செய்கிறேன். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதனால் பாதியில் விட மனசில்லை.

பாடம் எடுக்க நேரம் பெரிதாகப் போவதில்லை. எண் தொடர், கடிகாரக் கணக்கெல்லாம் டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள் (என்னைவிட வேகம்). அதற்கு அப்புறம் வருவதுதான் நேரத்தை விழுங்குகிறது. "அக்கா, அப்பா எட்டோட நிறுத்திக்கச் சொல்றாங்க" என்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும். கேட்டபிறகு புத்தகத்தில் எங்கே கண் போகும்?

காலை நாலு மணிக்கு எழு, கலர் கலராக டைம்டேபிள் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள், ப்ளீஸ். படித்துக்கொண்டே இப்படிப் பிள்ளைகளோடு இருந்தவர்கள் சொல்லுங்கள்: அவர்கள் மனம் நோகாமல் "இத்தனை மணிக்கு மேல் கூப்பிடாதே" என்று எப்படிச் சொன்னீர்கள்? வீட்டுப் பிரச்சினைகளைப் பள்ளி ஆசிரியரிடம் சொல்லிவிடலாமா?

மதுரைப் பக்கம் ஞாயிறு காலை அறிவியல் எடுக்க யாராவது வர முடிந்தால், உள்பெட்டிக்கு வாருங்கள்.