ஜப்பான்ல இருக்கறவங்க கிறிஸ்மஸ் எப்படி கொண்டாடுறீங்க?

நான் ஏப்ரல்ல தான் வேலைக்கு டோக்கியோ வந்தேன், மனைவியும் நாலு வயசு பொண்ணும் கூட இருக்காங்க. நவம்பர்லேர்ந்தே ஊர் பூரா லைட்டு, மரம், கடைக்குக் கடை கிறிஸ்மஸ் பாட்டு, ஆனா ஒரு குடில் கூட கண்ணுல படல. 25ஆம் தேதி இங்க லீவே கிடையாதாம், அன்னைக்கு எனக்கு மீட்டிங் வேற. பாப்பா "குழந்தை இயேசு இங்க வரமாட்டாராப்பா"ன்னு கேக்குறா, மனசு கனத்துப் போச்சு. பூசைக்கு எங்க போறீங்க? எப்படி சமாளிக்கிறீங்க?

டோக்கியோவாசி:
முழுநேர வேலைன்னா ஆறு மாசம் முடிஞ்சதுமே சட்டப்படி 10 நாள் சம்பளத்தோட லீவு வந்திருக்கும் ப்ரோ, இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. "உங்களுக்குப் புத்தாண்டு எப்படியோ எங்களுக்கு இது அப்படி"ன்னு நான் சொல்லுவேன், டக்குனு புரிஞ்சுக்குவாங்க. பூசைக்கு யோட்சுயா இக்னேஷியஸ் கோவில், ஸ்டேஷன் பக்கத்துலயே, இங்கிலீஷ் பூசையும் உண்டு. 24 ராத்திரி கூட்டம் நெரியும், டைம் முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க.

யோகோஹாமா அக்கா:
தம்பி, இங்க 24 ராத்திரின்னா காதலர்களுக்கான ராத்திரி, வீடுகள்ல பொரிச்ச கோழியும் ஸ்ட்ராபெரி கேக்கும், அந்தக் கோழியே 1974ல கே.எஃப்.சி. பண்ண விளம்பரத்துல வந்த பழக்கம் தான். 26 காலைல மரத்தை எடுத்துட்டு புத்தாண்டுக்கு மூங்கிலும் பைனும் வெச்சிடுவாங்க, முதல் வருஷம் அதைப் பாத்து நான் அழுதுட்டேன். ஆனா அவங்க கொண்டாடுறது வேற நாம கொண்டாடுறது வேற, அவங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது? என் வீட்ல குடில் மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் இருக்கும். பார்சல் வந்த அட்டைப்பெட்டி தான் மாட்டுக்கொட்டகை, பிரவுன் பேப்பரை கசக்கி விட்டா பாறை. ஒரு வருஷம் 24 சாயங்காலம் பக்கத்து வீட்டு பாட்டி வந்தாங்க, தொட்டில் ஏன் காலியா இருக்குன்னு கேட்டாங்க, இன்னைக்கு ராத்திரி தான் பிறப்பாருன்னு சொன்னேன். மறுநாள் காலைல ஏழு மணிக்கு பெல் அடிக்குது, தொறந்தா பாட்டி நிக்கிறாங்க, "பிறந்துட்டாரா?"ன்னு. பாப்பாவை வெச்சே குடில் கட்டுங்க, பக்கத்து வீட்ல கூப்பிடுங்க.

நாகசாகி பயணி:
இந்த நாட்டுக்கு கிறிஸ்மஸ் ஒண்ணும் புதுசில்லங்க. நம்ம சவேரியார் 1549ல ககோஷிமால வந்து இறங்கினார், 1552லயே யமகுச்சில கிறிஸ்மஸ் பூசை நடந்திருக்கு. அப்புறம் 1614ல நாடு முழுக்க தடை, 1873 வரைக்கும் வெளிப்படையா ஜெபம் பண்ண முடியாது. நாகசாகி பக்கத்து ஜனங்க ஃபாதர் இல்லாம, பூசை இல்லாம, கன்னோன்ங்கற புத்த மத கருணை தெய்வத்தோட சிலையையே மாதாவா நினைச்சு கும்பிட்டு தலைமுறை தலைமுறையா காப்பாத்தி வெச்சிருந்தாங்க. 1865ல நாகசாகில இருக்கற ஓவுரா கோவிலுக்கு வந்து அங்க இருந்த ஃபாதர்கிட்ட மாதா சுரூபம் எங்கன்னு கேட்டாங்க பாருங்க, அந்த இடத்துல நின்னப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. முடிஞ்சா ஒரு தடவை பாப்பாவை அங்க கூட்டிட்டுப் போங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லீவு எழுதிக் குடுத்துட்டேன். அக்கா, பாப்பா இப்பவே ஒரு பெட்டியை எடுத்து வெச்சுக்கிட்டு யாரையும் தொட விடமாட்டேங்குறா.